எங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்?

பெரியப்பாவின் குரல் என் லேப்டாப்பில் 47 நிமிடம் இருக்கிறது. பொங்கல் லீவுக்கு அரூர் போயிருந்தபோது அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்தது. ஃபேன் சத்தம், தெருவில் போகிற மினிபஸ்ஸின் ஹாரன், பெரியம்மா காபி டம்ளரைக் கொண்டுவந்து வைக்கிற சத்தம் எல்லாம் அதில் உண்டு. 31ஆவது நிமிடத்தில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அதற்குப் பிறகு 14 விநாடிகள் பெரியப்பா எதுவும் பேசவில்லை.

பேச்சை எழுத்தாக்கித் தரும் ஒரு மென்பொருளில் அந்தப் பதிவைப் போட்டேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இதற்கெல்லாம் அரூர்ப் பேச்சு சரியாகப் பிடிபடாது என்று தெரியும். அப்படித்தான் பாதி வாக்கியங்கள் கோணல்மாணலாக வந்தன. ஆனால் அந்த 14 விநாடி அமைதிக்கு நேராக அது ஒரு வாக்கியத்தையே எழுதி வைத்திருந்தது: சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க. இணைய வீடியோக்களைக் கேட்டுப் பழகிய மென்பொருளாக இருக்கவேண்டும். பேச்சு நின்றால் வீடியோ முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது போல.

சிரித்துக்கொண்டே அதை அழித்துவிட்டு 'மௌனம்' என்று போட்டேன். மற்ற இடங்களையும் காது கொடுத்துக் கேட்டுத் திருத்தினேன். மறுநாள் இன்னொரு முறை பதிவோடு வைத்து ஒப்பிட்டபோதுதான், மென்பொருள் செய்ததைவிட மோசமான ஒரு காரியத்தை நானே செய்திருப்பது தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் கேள்வி எதைப் பற்றியது என்று சொல்லிவிடவேண்டும்.

அது வாச்சாத்தியைப் பற்றியது.

*

வாச்சாத்தி, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். அரூரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20, சனிக்கிழமை. வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என்று மொத்தம் 269 அரசு ஊழியர்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். வீரப்பன் பெயரைச் சொல்லி மலையோரத்து ஊர்களில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்த காலம் அது. ஊரை அடித்து நொறுக்கினார்கள். ஆடு மாடுகளைக் கொன்றார்கள். கிணறுகளைப் பாழாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போய் வழக்குப் போட்டுச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

காகிதத்தில் அந்த நாள் வேறு மாதிரி இருந்தது. சந்தனக்கட்டை பறிமுதல், கடத்தல்காரர்கள் கைது. அன்றைய அரசு, நடந்தது எதுவும் நடக்கவே இல்லை என்றது. ஜூலையில் மலைவாழ் மக்கள் சங்கத்தினரின் காதுக்கு விஷயம் எட்டி, மார்க்சிஸ்ட் கட்சி அதைக் கையில் எடுத்து, அக்கட்சியின் மாநிலச் செயலாளர் நல்லசிவன் நீதிமன்றம் போன பிறகுதான் அது வெளியே வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் வந்து அந்தப் பெண்களிடம் பேசி அறிக்கை கொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. அதில் 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக. அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார்.

வாய்மொழி வரலாறு பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு ஆட்சேபம் வரும். "வாய்ப்பேச்சை எப்படி நம்புறது? நாளாக நாளாக மறந்துபோகும், மாத்திச் சொல்லுவாங்க. டாக்குமெண்ட் இருக்கா?" வாச்சாத்தியில் டாக்குமெண்ட் எல்லாம் அரசிடம் இருந்தது. அந்த மக்களிடம் இருந்தது பேச்சு மட்டும். முப்பத்தோரு வருடம், குறுக்கு விசாரணை உட்பட எல்லாச் சோதனைகளையும் தாண்டி நின்றது அந்தப் பேச்சுதான். கூடிப் பொய் சொன்னது காகிதம்.

*

நான் 1989இல் பிறந்தவன். அன்று எனக்கு மூன்று வயது. வளர்ந்தது அரூரில், கூட்டுக் குடும்பத்தில். பெரியப்பா ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட துறை எதிலும் அவர் இல்லை. அன்று அந்த ஊருக்குப் போனவரும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் வாச்சாத்தி என்ற பெயர் வந்தால் கூடவே ஒரு வாக்கியம் வரும்: "கட்டை கடத்துற ஊரு." அவ்வளவுதான். யாரும் கோபமாகச் சொன்னதில்லை. தண்ணீர் உப்புக் கரிக்கிற ஊர், மாங்காய்க்குப் பேர்போன ஊர் என்று சொல்வதைப்போல அதையும் சொல்லுவார்கள்.

2011இல் தீர்ப்பு வந்தபோது பெங்களூரில் முதல் வேலையில் இருந்தேன். கேன்டீன் டிவியில் செய்தி ஓடியது. பக்கத்தில் இருந்தவன் "உங்க ஊரா மச்சி?" என்றான். "பக்கம்தான்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் பொய் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

பிறகு தேடித்தேடிப் படித்தேன். வாச்சாத்திப் பெண்கள் பேசிய பேட்டிகள், ஆவணப்படங்கள், கட்டுரைகள். வாய்மொழி வரலாற்றில் ஆர்வம் வந்தது அதன் வழியாகத்தான். ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வாச்சாத்திக்குப் போகவேண்டும் என்று கொஞ்ச நாள் திட்டம்கூட வைத்திருந்தேன். நல்ல வேளை, போகவில்லை.

*

போகாததற்குக் காரணம் ஒரு மாணவி. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையில் நண்பர் ஒருவர் ஆசிரியராக இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பேட்டி எடுக்கவும் பதிவுகளைச் சேமிக்கவும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். சில சனிக்கிழமைகள் போனேன்.

முதல் நாள் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் பெரிய மனிதர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யத் தொடங்கியது, பிறகு தொழிலாளர்கள், பெண்கள், அகதிகள் என்று மைக் கீழே இறங்கி வந்தது. நம் மாவட்டத்தின் பழைய ஆவணங்கள் எப்படிப்பட்டவை என்றும் பேசினோம். தர்மபுரி நடுகற்களுக்குப் பேர்போன மண். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனின் பெயர் கல்லில் இருக்கிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலை வாங்கியபின் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக எடுத்த கணக்கில் நிலமும் வரியும் இருக்கின்றன. அன்றைக்கு வீட்டுத் திண்ணையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இரண்டிலும் இல்லை. அதைப் பிடிக்கத்தான் பேட்டி என்றேன். உதாரணத்துக்கு வாச்சாத்தியைச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். சித்தேரி பக்கத்துப் பெண். "சார், எங்க சொந்தக்காரங்க அங்க இருக்காங்க. எத்தனையோ பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க. போலீஸு, சிபிஐ, கோர்ட்டு, டிவி, படம் எடுக்கிறவங்க. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லணும். எழுதினதைக் கொண்டுவந்து காட்டினவங்க ரொம்பக் கம்மி. இன்னும் எதுக்கு சார் அவங்களையே கேட்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. முன் வரிசையில் ஒரு பையன், டவுன்காரன், மெதுவாகச் சொன்னான்: "எங்க வீட்லல்லாம் அவங்களைத் திருடங்கன்னுதான் சார் சொல்லுவாங்க."

அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று பதில் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. வாச்சாத்திக்காரர்கள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்கள், சத்தியம் செய்து, கூண்டில் ஏறி நின்று. சொல்லாதவர்கள் மற்றவர்கள். டீக்கடையில் பேசியவர்கள், ஆபீஸில் கேள்விப்பட்டவர்கள், கேட்டும் நம்பாதவர்கள், நம்பியும் பேசாதவர்கள். அதாவது நாங்கள். 269 பேர் செய்த காரியத்தை ஒரு வட்டாரமே 19 வருடம் எப்படிச் சகஜமாக எடுத்துக்கொண்டது என்பதற்குத் தீர்ப்பில் இடம் கிடையாது. அது கோர்ட்டின் வேலையும் இல்லை, வரலாற்றின் வேலை. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

*

வாய்மொழி வரலாற்றின் பல நல்ல புத்தகங்கள் சொந்த வீட்டில் தொடங்கியவை. 1984இல் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டதைப் பார்த்தபின், ஊர்வசி புட்டாலியா பிரிவினைக் கால நினைவுகளைத் தேடிப் போனார். லாகூரிலேயே தங்கிவிட்ட சொந்தத் தாய்மாமாவைத்தான் முதலில் கண்டுபிடித்தார். 1998இல் வந்த அவர் நூல் அந்த மாமாவின் கதையோடுதான் தொடங்குகிறது.

இன்னொன்று இத்தாலிக்காரரான அலெசாந்த்ரோ போர்த்தெல்லி சொன்னது. தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோ எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போகும் வழியில் போலீஸால் கொல்லப்பட்டார். போர்த்தெல்லி பல வருடம் கழித்துப் போய்க் கேட்டால், அவர் 1953இல் ஆட்குறைப்புக் கலவரத்தில் செத்தார் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். தப்புதான். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் அதில் விஷயம் இருக்கிறது. வேலை போன அவமானமும் தோழன் செத்தபோது பதிலடி கொடுக்கமுடியாத குறையும் சேர்ந்து அந்தச் சாவை நான்கு வருடம் தள்ளி வைத்துவிட்டன என்கிறார் அவர்.

எனக்கு நேராக வந்து அடித்தது மூன்றாவது புத்தகம். ஜெர்மனியில் ஹரால்ட் வெல்சரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்டது. 'தாத்தா நாஜி இல்லை' என்பது தலைப்பின் பொருள். நாஜிக் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டியையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். தாத்தா தன் வாயாலேயே சங்கடமான ஒன்றைச் சொல்வார். பேரன் அதே கதையைத் திருப்பிச் சொல்லும்போது அந்த இடம் காணாமல் போயிருக்கும். தாத்தா நல்லவராகியிருப்பார், சில சமயம் யூதர்களைக் காப்பாற்றியவராகவே ஆகியிருப்பார். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பாசம்தான் எடிட் செய்கிறது.

*

இப்போது அந்த 31ஆவது நிமிடத்துக்கு வருகிறேன்.

பெரியப்பாவிடம் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன். உத்தியோகம் கிடைத்தது, முதல் சம்பளம், அரூர் அப்போது எப்படி இருந்தது. தேதி கேட்டால் பெரியவர்கள் திணறுவார்கள். ஒரு பெரிய சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுக் கேட்டால் சரியாக வரும். "ராஜீவ் காந்தி செத்தாரே, அதுக்கு மறு வருசம்" என்றேன். அவரே பிடித்துக்கொண்டார். "வாச்சாத்தி கேஸைக் கேக்கறியா? எதுக்குடா இப்ப அது?"

என் வகுப்புப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள் பெரியப்பா, எல்லோரும் அவரவர் வீட்டில் கேட்கிறோம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். டீக்கடையில் பேசிக்கொண்டது. பேப்பரில் வந்தது, வராதது. "கட்டை எடுத்தாங்க, புடிச்சாங்கன்னு சொன்னாங்க. எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க." பிறகு இப்படி: "எங்க ஆபீஸ்ல ஒருத்தரு மட்டும், அங்க பொம்பளைங்களுக்குத் தப்பு நடந்துபோச்சுன்னு மெதுவா சொன்னாரு. அடுத்த வாரம் கேட்டா, நான் எப்பய்யா அப்படி சொன்னேன்னுட்டாரு."

"அப்ப நீங்க அதை நம்பினீங்களா?"

இங்கேதான் அந்த 14 விநாடி. அப்புறம் சொன்னார்: "நம்பாம என்ன. ஆனா நம்பி என்ன பண்ணச் சொல்ற? எனக்கும் உத்தியோகம் இருந்துச்சு. உங்க அக்கா அப்ப சின்னப் புள்ள."

நான் செய்த காரியம் இது. ஆபீஸ்காரர் மெதுவாகச் சொன்ன பகுதியை எழுத்துப்படியில் விட்டுவிட்டிருந்தேன். அழித்த ஞாபகம்கூட இல்லை. மென்பொருள் குழப்பியிருந்த இடம் அது, 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஆனால் ஒலியில் அது தெள்ளத்தெளிவாக இருக்கிறது. அந்த வாக்கியம் இல்லையென்றால் என் பெரியப்பா எதுவும் தெரியாமல் ஏமாந்த ஒரு அப்பாவி. அது இருந்தால், அவர் முதல் மாதத்திலேயே தெரிந்தவர். தெரிந்தும் அடுத்த 19 வருடம் வீட்டில் "கட்டை கடத்துற ஊரு" என்ற வாக்கியத்தை ஓடவிட்டவர். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

மென்பொருள் மௌனத்தைப் பேச்சாக்கியது. நான் பேச்சை மௌனமாக்கியிருந்தேன்.

*

இதை அப்படியே வகுப்பில் போய்ச் சொன்னேன். சிலபஸில் எது இருக்கிறதோ இல்லையோ, அதற்குப் பிறகு வகுப்பு மாறியது. நாங்கள் சேர்ந்து சில விதிகளை எழுதிக்கொண்டோம்.

யாருடைய பதிவையும் எழுத்தாக்கியவரே சரிபார்க்கக்கூடாது. இன்னொருவர் ஒலியைக் கேட்டு ஒப்பிடவேண்டும். சொந்த வீட்டுப் பேட்டி என்றால் கட்டாயம். 'தெளிவில்லை' என்று போட இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவேண்டும். "அப்படித்தானே?" என்று முடிகிற கேள்வி கேட்கக்கூடாது. எதிரில் இருப்பவர் நிறுத்தினால் நாமும் நிறுத்தவேண்டும். பத்து விநாடி பொறுக்கமுடியாதவர்கள் பேட்டி எடுக்கவேண்டாம். பதிவைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டவேண்டும், பேர் போடலாமா என்று அப்போது இன்னொரு முறை கேட்கவேண்டும். ஏனென்றால் பேசத் தொடங்கும் முன் கொடுக்கிற சம்மதம், என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமல் கொடுக்கிற சம்மதம். அவர் சொன்னதைத் தேதி, தீர்ப்பு, பழைய செய்தித்தாள் என்று கிடைக்கிற எல்லாவற்றோடும் உரசிப் பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் அழிக்கக்கூடாது, ஏன் பொருந்தவில்லை என்று பக்கத்தில் எழுதவேண்டும். காகிதத்துக்கும் இதே சோதனை.

கடைசி விதியை அந்தச் சித்தேரி மாணவிதான் சொன்னாள். "அடிபட்டவங்க கிட்ட போறதுக்கு முன்னாடி, அவங்க ஏற்கெனவே சொன்னதை எல்லாம் படிச்சிருக்கணும் சார்."

வேலை சுலபமாக இல்லை. பாதிப் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்தார்கள். "ஞாபகம் இல்லைன்னுட்டாங்க சார்." எந்தக் கேள்விக்கு ஞாபகம் இல்லை, எதற்கு இருந்தது என்று எழுதச் சொன்னேன். ஒரு தாத்தாவுக்கு அந்த வருடத்து புளி விலை ஞாபகம் இருந்தது, வாச்சாத்தி ஞாபகம் இல்லை. அந்த முன் வரிசைப் பையனின் பாட்டி மட்டும் நிறையப் பேசியிருக்கிறார். கடைசியில் அவனிடம், "நாங்க பேசினது தப்புன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. உனக்கு அதைத் தெரியவெச்சோமா? இல்ல" என்றிருக்கிறார். அதைப் படிக்கும்போது அவன் குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த மாணவி திரும்பி அவனைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

இதனால் வாச்சாத்தி மக்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்களுக்கு வேண்டிய நிவாரணம், வேலை, நிலம் எல்லாம் வேறு இடத்தில் வாங்கவேண்டியவை. இது எங்களுக்காக. அடுத்த முறை ஒரு ஊரைப் பற்றி எங்கள் வீடுகளில் ஒரே வாக்கியம் புழங்கும்போது, யாராவது ஒருவர் "யார் சொன்னது?" என்று கேட்டால் போதும்.

*

எங்கள் விதிப்படி நானும் பெரியப்பாவிடம் திரும்பப் போனேன். ஹெட்போனை மாட்டிவிட்டு முழுப் பதிவையும் போட்டேன். ஆபீஸ்காரர் பற்றிச் சொன்ன இடம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 14 விநாடி வந்ததும் ஹெட்போனைக் கழற்றி, "நின்னுபோச்சுடா" என்றார்.

"இல்ல பெரியப்பா, ஓடுது. நீங்கதான் பேசல."

திரும்ப மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். கட்டுரையில் இதை எழுதலாமா என்று கேட்டேன். பேர் வேண்டாம், ஆபீஸ் பேர் வேண்டாம், மற்றதை எழுதிக்கோ என்றார். வாசல்வரை வந்து, நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"அந்த ஆபீஸ்காரரு முதல்ல சொன்னப்ப நான் அவரை என்னன்னு கேட்டேன் தெரியுமா? அது விட்டுப்போச்சு. அடுத்த தடவை வரும்போது மெஷினை எடுத்துட்டு வா."

ஆடி பதினெட்டுக்கு அரூர் போகிறேன்.